உள்ளே வைத்த பொருள்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆடுவதற்கென்றே எழுதப்படும் பாட்டில் கவிஞன் நின்று பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்றே விடையிறுப்பர். கால் நகர்ந்தால் போதும், சொல் எப்படி அமைந்தால் என்ன என்பது பொதுக் கருத்து. 1970-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் எழுந்து உலகெங்கும் பரவிய டிஸ்கோ இசையைக் குறித்து அந்நாட்டுத் திறனாய்வாளர் பலரும் ஏறக்குறைய இதையே எழுதினர். அவர்கள் கூற்று முற்றும் பொய்யும் அன்று. அச்சில் வார்த்த செங்கல் போல, ஒன்றற்கொன்று வேறுபாடில்லாத இசைத்தட்டுகள் அவ்வாண்டுகளில் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அக்குவியலுக்குள் கிடந்த ஷீக் என்னும் நியூயார்க் குழு ஒன்றன் வாழ்வும் வீழ்ச்சியும் சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு உரிய செய்தி என்பதே இவ்வுரையின் துணிபு.

குழுவின் முதல்வர் இருவர். கிதார் வாசித்த நைல் ராட்ஜர்ஸ் 1952 செப்டம்பரில் நியூயார்க்கில் பிறந்தவர். பாஸ் கிதார் வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்வில்லில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க் வந்து சேர்ந்தவர். இருவரும் கறுப்பினத்தவர். ராட்ஜர்ஸின் தாயும் வளர்ப்புத் தந்தையும் ஹெராயினுக்கு அடிமைப்பட்டவர்கள். அவ்வீட்டில் வளர்ந்த சிறுவன் ஜாஸ் இசையும் மேலைச் செவ்விசையும் முறையாகக் கற்றான்; இளைஞனானபின் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் சேர்ந்தான்; ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் வந்து போகும் பாடகர்க்கெல்லாம் பின்னணி வாசித்தான். எட்வர்ட்ஸின் இயல்பு வேறு. அவர் குறைவாகப் பேசுபவர், குடும்பஸ்தர், கணக்கானவர். 1970-இல் இருவரும் சந்தித்தனர். ஜாஸ் வாசிப்பதற்குரிய பருத்த கிதாரை விட்டு மெலிந்த மின்கிதாரை எடுக்குமாறு ராட்ஜர்ஸிடம் வற்புறுத்தியவர் எட்வர்ட்ஸ்தான். வலக்கை ஓயாமல் மேலும் கீழும் அசைய, இடக்கை தந்தியை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை அறுத்து அறுத்துத் தரும் வாசிப்பு முறை அப்போதுதான் ராட்ஜர்ஸின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் ராட்ஜர்ஸின் முத்திரை என்று போற்றிய அவ்வாசிப்பின் பின்னால் எட்வர்ட்ஸின் சொல் இருந்தது என்பதை மறத்தலாகாது.

அவர்கள் முதலில் தம் குழுவுக்கு வைத்த பெயர் பிக் ஆப்பிள் பேண்ட். 1976-இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை டிஸ்கோ தாளத்தில் வார்த்து வால்டர் மர்ஃபி என்பவர் பெருவெற்றி கண்டார்; அவர் குழுவின் பெயரும் அதுவே ஆயிற்று. பெயரை இழந்தவர்கள் ஷீக் என்னும் பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்தனர். நாகரிக ஒயில் என்பது அதன் பொருள். இதற்கு முன்பே ராட்ஜர்ஸ் இலண்டனில் ராக்ஸி மியூசிக் குழுவின் நிகழ்ச்சியைக் கண்டிருந்தார். உடையும் ஒளியும் இசையும் ஒரே சிந்தையிலிருந்து பிறந்தவை போல் அமைந்த அக்காட்சி அவரை ஆட்கொண்டது. முகத்தில் வண்ணம் பூசி அடையாளம் மறைத்த கிஸ் குழுவிடமிருந்து மற்றொரு பாடம் கிடைத்தது. ஆளை மறைத்துக்கொண்டால் இசையை முன்னே நிறுத்தலாம் என்பதே அது. ராக் இசையின் மேடை வெள்ளையர்க்குரியது என்று எழுதப்படாத சட்டம் இருந்த காலத்தில், இரு கறுப்பின இளைஞர்கள் உயர்ந்த தையலுடை அணிந்து, வங்கி அதிகாரிகள் போல நின்று, தம்மைத் தாமே மறைத்துக்கொண்டனர். முதல் இசைத்தொகுப்பின் உறையில் இரு பெண்கள் நிற்கின்றனர். இருவருமே குழுவினர் அல்லர். ஒளிப்பட நாகரிகப் பெண்கள். பாட்டிலும் அவ்வாறே. நார்மா ஜீன் ரைட், பின்னர் ஆல்ஃபா ஆண்டர்சன், லூசி மார்ட்டின் ஆகிய பெண்களே முன்குரல் கொடுத்தனர். பின்னணிக் குரல்களுள் ஒன்று அன்று அறியப்படாத லூதர் வாண்ட்ராஸுடையது. டோனி தாம்ப்ஸன் டிரம்ஸ் வாசித்தார். இவற்றின் மேல் வயலின்கள் பட்டுத்துணி விரித்தாற்போல் வந்து படியும். எழுதி இயக்கிய இருவரோ பின்னால் நிற்பர்.

மறைத்தல் என்பது அவர்கள் சொல்லுக்கும் நெறியாயிற்று. ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் ஆழத்தில் ஒரு பொருள் மறைந்திருத்தல் வேண்டும். அது தமக்குத் தெளிவாகத் தெரியாத வரையில் பாட்டை முடித்ததாகக் கொள்ளலாகாது என்பது ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் தமக்குள் வைத்துக்கொண்ட விதி. தமிழ்க் கவிஞர்க்கு உள்ளுறை நினைவுக்கு வரும். தொல்காப்பியம் கூறும் உள்ளுறை நிலத்தின் கருப்பொருளைக் கொண்டு அமைவது. ஷீக் குழுவின் முறை அதுவன்று. எனினும், கேட்பவன் வெளிப்பொருளோடு நின்றுவிட்டாலும் அவனுக்குப் பாட்டு குறைவுபடலாகாது என்னும் கட்டுப்பாடு இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

1977-இல் வந்த அவர்களது முதல் வெற்றிப்பாட்டையே இதற்குக் காட்டலாம். ஆடு, ஆடு, ஆடு என்று மூன்று முறை ஏவும் தலைப்பு. அதன் பின்னே 'யௌசா' என்னும் பொருளற்ற கூவல். மேலோட்டமாகக் கேட்பவர்க்கு இதைவிட வெறுமையான சொற்கோவை கிடைத்தல் அரிது. ஆனால் அக்கூவல் 1930-களின் இசைக்குழுத் தலைவர் பென் பெர்னியின் வாய்ச்சொல். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் தொடராட்டப் போட்டிகள் நடந்தன. வேலையற்ற இணைகள் நாள்கணக்கில் ஆடுவர். விழாமல் கடைசிவரை நிற்பவர்க்குப் பரிசுப் பணம். உணவு கிடைக்குமே என்பதற்காகவே ஆடினோரும் உண்டு. 1969-இல் வந்த திரைப்படம் ஒன்றும் இக்கொடுமையைக் காட்டியது. இந்த நினைவோடு கேட்கும்போது ஆடு என்னும் அந்த ஏவலின் முகம் மாறிவிடுகிறது. வயலின்களின் பளபளப்புக்குக் கீழே பசித்த உடல்கள் அசைகின்றன. பாட்டு அமெரிக்க வரிசையில் ஆறாம் இடம் வரை ஏறியது. அதை வாங்கியோருள் எத்தனை பேர் அந்த உடல்களைக் கண்டிருப்பர் என்பது வேறு.

அவ்வாண்டின் இறுதி நாள் இரவு நடந்தது பலமுறை சொல்லப்பட்ட கதை. இருப்பினும் சொல்லத் தக்கது. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் இருவரையும் நியூயார்க்கின் புகழ்பெற்ற ஆட்டக்கூடமான ஸ்டூடியோ 54-க்கு வருமாறு அழைத்திருந்தார். வாயிலில் பெயர் சொல்லி வைக்க அவர் மறந்துவிட்டார் போலும். தம் பாட்டு உள்ளே ஒலித்துக்கொண்டிருக்க, அதை ஆக்கியவர்கள் பனிக்குளிரில் வெளியே நிறுத்தப்பட்டனர். காவலாளி கதவைச் சாத்தினான். ராட்ஜர்ஸின் வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஷாம்பேன் புட்டிகளைத் திறந்து, கிதார்களை எடுத்து, காவலாளியை நோக்கிய வசைச்சொல் ஒன்றைத் தாளத்தில் ஏற்றி வாசித்தனர். கோபம் தீரத் தீர மெட்டு திருந்தியது. இது வானொலியில் வராதே என்று உணர்ந்தபின் வசை மாறி, அந்நாளில் வழங்கிய ஆட்டமொன்றன் பெயர் அவ்விடத்தில் அமர்ந்தது. அதுவே 'லெ ஃப்ரீக்'. 1978-இன் இறுதியில் முதலிடம் பிடித்து, இழந்து, மீண்டும் பிடித்து, மீண்டும் இழந்து, மூன்றாம் முறையும் ஏறிய பாட்டு. வார்னர் நிறுவனக் குடும்பத்தின் வரலாற்றிலேயே மிகுதியாக விற்ற தனிப்பாடல் என்னும் இடத்தை 1990 வரை அது காத்தது. பாட்டில் அந்த ஆட்டக்கூடத்தின் பெயரும் வருகிறது. அங்கே வந்து மகிழுமாறு கேட்போரை அழைக்கிறது. உள்ளே விடப்படாதவன் பிறரை விருந்துக்கு அழைக்கும் அந்தச் சிரிப்பில் உள்ள கசப்பு, கதை அறிந்தார்க்கு மட்டுமே தெரியும்.

வெற்றியின் கையோடு அட்லாண்டிக் நிறுவனத் தலைவர், தம்மிடமுள்ள பெரும் பாடகர் எவர்க்கு வேண்டுமாயினும் இசையமைக்கலாம் என்றார். இருவரும் புகழ்பெற்றோரை விடுத்து, அதிகம் அறியப்படாத சகோதரியர் நால்வரின் சிஸ்டர் ஸ்லெட்ஜ் குழுவைத் தேர்ந்தனர். பெரியவர் ஒருவர்க்கு அமைத்தால் வெற்றி அவர் பெயரில் போய்ச் சேரும் என்னும் கணக்கு அதில் இருந்தது. 1979-இல் வந்த 'வீ ஆர் ஃபேமிலி' அவ்வாண்டே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் அணியின் வெற்றிப்பாட்டாயிற்று. பின்னர்ப் பெண்கள் இயக்கத்தாரும் ஒருபாற் காதலரும் தத்தம் பாட்டாகக் கொண்டனர்.

அவ்வாண்டின் கோடையில் வெளிவந்த 'குட் டைம்ஸ்' குழுவின் தலைசிறந்த படைப்பு. 1979-இல் அமெரிக்காவின் பணவீக்கம் 11 விழுக்காட்டைத் தாண்டியது. ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் நிலையங்களில் மகிழுந்துகள் வரிசையில் நின்றன. அந்த நேரத்தில் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று ஒரு பாட்டு. எரிச்சலுற்ற திறனாய்வாளர், ஆடுவோர் உலகம் அறியாதோர் என்பதற்கு இதனையே சான்று காட்டினர். உண்மையில் அப்பாட்டின் சொற்கள் 1930-களின் நம்பிக்கைப் பாடல்களிலிருந்து வேண்டுமென்றே கடன் பெற்றவை. வேலையும் சோறும் இல்லாதவர்கள் இன்பநாள் வந்ததென்று பாடிய அந்தப் பழைய குரலை, புதிய நெருக்கடி ஒன்றின் நடுவே மீண்டும் ஒலிக்கச் செய்தனர். அங்கதம்தான், ஆனால் முகத்தில் சிறிதும் புன்னகை காட்டாத அங்கதம். அங்கதத்தை இவ்வளவு ஆழத்தில் வைத்தது சரியா என்று கேட்கலாம். புரிந்துகொள்ளப்படாமற் போனதன் பழியை முழுவதும் கேட்டவர் மேல் சுமத்துவதும் நேர்மையன்று.

சொல்லை விடவும் அப்பாட்டில் கேட்க வேண்டியது எட்வர்ட்ஸின் பாஸ் வரி. முதலில் ஒரே சுரம் மூன்று முறை அழுத்தமாக விழும். பிறகு ஓர் இடைவெளி. அதன்பின் படியேறும் நடை. அந்த இடைவெளியில்தான் ஆடுபவரின் உடல் அசைகிறது. பாட்டின் நடுவில் குரல்களும் கருவிகளும் விலகிவிட, அவ்வரி தாளத்தோடு தனியே நிற்கும்; பின் ஒவ்வொரு கருவியாக வந்து சேரும். அசையை எண்ணி எழுதும் எவருக்கும், எங்கே நிறுத்துவது என்பதே பெரிய கல்வி. எட்வர்ட்ஸ் அதில் கற்றுத் துறைபோயவர்.

பாட்டு வரிசையில் ஏறிக்கொண்டிருக்கும்போதே 1979 ஜூலை 12 வந்தது. சிகாகோவின் காமிஸ்கி பூங்காவில் பேஸ்பால் ஆட்டம். டிஸ்கோவை வெறுத்த வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் என்பவரின் ஏற்பாட்டில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொணர்ந்து கொடுப்போர்க்கு நுழைவுக்கட்டணம் 98 செண்ட் மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். இரண்டு ஆட்டங்களின் இடையே, தட்டுகள் நிறைந்த பெட்டி மைதானத்தின் நடுவில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் களத்தில் பாய்ந்தனர். புல்தரை குதறப்பட்டது, அடுத்த ஆட்டம் நடவாமலே எதிரணிக்கு வெற்றி வழங்கப்பட்டது. அங்கே இருக்கை காட்டும் பணியில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், பின்னாளில் சிகாகோவின் ஹவுஸ் இசையை உருவாக்கியோருள் ஒருவர். கொணரப்பட்ட தட்டுகளுள் பல டிஸ்கோவே அல்ல, வெறும் கறுப்பினத்தார் இசைத்தட்டுகள் என்று அவர் சாட்சி கூறியுள்ளார். ராட்ஜர்ஸ் அந்நிகழ்ச்சியை நூல் எரிப்போடு ஒப்பிட்டார். வந்தவர் அனைவரும் வெறுப்பால் வந்தனர் என்பது மிகை. மலிவாக ஆட்டம் பார்க்க வந்த பையன்கள் அதில் மிகுதி. ஆயினும் கறுப்பினத்தார், ஸ்பானிய மொழியினர், ஒருபாற் காதலர் ஆகியோரின் கூடங்களில் பிறந்த இசை, ஒரு கூட்டத்தின் கைதட்டலுக்கிடையே கொளுத்தப்பட்டது.

'குட் டைம்ஸ்' ஆகஸ்ட் 18-இல் முதலிடம் பெற்றது. ஒரே வாரம். அடுத்த வாரம் அவ்விடத்தில் கிதார் முழங்கும் ராக் பாட்டு ஒன்று அமர்ந்து ஆறு வாரம் நிலைத்தது. அதன்பின் ஷீக் குழுவின் பெயரில் ஒரு பாட்டுகூட அமெரிக்க வரிசையின் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை. 1980 முதல் 1983 வரை நான்கு தொகுப்புகள் வெளியிட்டனர். வானொலி நிலையங்கள் தட்டைப் போட்டுப் பாராமலே, உறையிலுள்ள பெயரைப் பார்த்து ஒதுக்கின. 1983-இல் குழு கலைந்தது.

ஆனால் அந்தப் பாஸ் வரி இதற்குள் வேறு வீடுகளுக்குக் குடிபோய்விட்டது. பிராங்ஸ் பகுதித் தெருவிழாக்களில் இளைஞர்கள் ஒரே பாட்டின் இரு தட்டுகளை மாறி மாறிச் சுழற்றி, அந்தத் தனித்த பகுதியை நீளச் செய்து, அதன்மேல் எதுகை கோத்துப் பேசினர். 1979 இலையுதிர் காலத்தில் ஷுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளிவந்தது. அதன் அடித்தளம் முழுவதும் 'குட் டைம்ஸ்'. ராட்ஜர்ஸ் ஓர் ஆட்டக்கூடத்தில் அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். தட்டில் அவர்கள் பெயர் இல்லை. வழக்கறிஞர் மூலம் முறையிட்டபின் எட்வர்ட்ஸ், ராட்ஜர்ஸ் பெயர்கள் ஆக்கியோராகச் சேர்க்கப்பட்டன. சினம் ஆறிய பின் ராட்ஜர்ஸ் அப்பாட்டை மனமாரப் பாராட்டினார். இங்கே கவிஞர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. அப்பாட்டில் ஒருவர் பாடும் பகுதி பிராங்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவர் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. காஸின் பெயர் அதில் சேர்க்கப்படவில்லை. எடுத்தவர் காஸ் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொண்ட பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே பாடினார். மெட்டமைத்த இருவர்க்குச் சட்டம் கைகொடுத்தது. சொல் எழுதியவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

1980-இல் குவீன் குழு வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டொன்றின் பாஸ் வரியும் இதன் நெருங்கிய உறவே. அதை எழுதிய ஜான் டீக்கன் ஷீக் குழுவின் ஒலிப்பதிவுக்கே வந்து உடனிருந்தவர்.

மறைபொருள் விதி ஒருமுறை தடுமாறவும் செய்தது. 1980-இல் டயானா ராஸுக்காக அவர்கள் ஒரு தொகுப்பை அமைத்தனர். டயானா ராஸைப் போல் ஒப்பனை செய்துகொண்ட ஆண்கள் சிலரை நியூயார்க்கின் இரவுக்கூடம் ஒன்றில் ராட்ஜர்ஸ் கண்டார். அதிலிருந்து 'ஐம் கமிங் அவுட்' பிறந்தது. தம் காதலை மறைத்து வாழ்ந்தோர் வெளிப்படுதலைக் குறிக்கும் தொடர் அது. பாடகிக்கு வெளிப்பொருள் மட்டுமே தெரியும். வானொலிக்காரர் ஒருவர் உட்பொருளைச் சொல்லி அச்சுறுத்தவே, அவர் ராட்ஜர்ஸிடம் வந்து நேரே கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று ராட்ஜர்ஸ் பொய் சொன்னார். ஒரு கலைஞரிடம் தாம் சொன்ன ஒரே பொய் அது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். கேட்பவரிடம் பொருளை மறைப்பது கலை; பாடும் வாயிடமே மறைப்பது நியாயமா? பாட்டு நிலைத்துவிட்டது, பலர்க்குத் துணிவும் தந்தது. அதனால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

கலைந்த பின் மூவரும் பெரும்புகழ் பெற்றனர் என்பதைச் சுருங்கச் சொல்லலாம். ராட்ஜர்ஸ் 1983-இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' தொகுப்பை ஆக்கினார். 1984-இல் மடோனாவின் 'லைக் எ விர்ஜின்' பாட்டில் கிதார், பாஸ், டிரம்ஸ் மூன்றும் பழைய ஷீக் குழுவினருடையவையே. எட்வர்ட்ஸ் 1985-இல் பவர் ஸ்டேஷன் குழுவுக்கும், பின் ராபர்ட் பால்மருக்கும் தயாரிப்பாளரானார். உறையில் பெயர் இல்லாத வரை அவர்கள் ஒலி எல்லார்க்கும் வேண்டியிருந்தது.

1992-இல் இருவரும் மீண்டும் சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டனர். 1996 ஏப்ரலில் ஜப்பானில் ராட்ஜர்ஸைச் சிறப்பிக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. டோக்கியோவின் புடோகான் அரங்கில் 17-ஆம் நாள் நிகழ்ச்சிக்கு எட்வர்ட்ஸ் கடும் காய்ச்சலோடு வந்தார். ரத்துச் செய்துவிடலாம் என்றபோது மறுத்தார். வாசிப்பின் நடுவே ஓரிடத்தில் பாஸ் ஒலி நின்றது. இடைவெளி விடுவதில் வல்லவர் அல்லவா. புதிய நயம் ஒன்றைச் செய்கிறார் என்று ராட்ஜர்ஸ் எண்ணினார். உண்மையில் எட்வர்ட்ஸ் சில கணம் நினைவிழந்திருந்தார். தெளிந்து, நிகழ்ச்சியை முடித்தார். மறுநாள் விடுதி அறையில் அவர் இறந்து கிடந்ததைக் கண்டவரும் ராட்ஜர்ஸே. நிமோனியா. வயது 43. டோனி தாம்ப்ஸன் 2003-இலும், லூதர் வாண்ட்ராஸ் 2005-இலும், ஆல்ஃபா ஆண்டர்சன் 2024-இலும் மறைந்தனர்.

புகழ்மன்றங்கள் தாமதமாகவே திரும்பிப் பார்த்தன. ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்துக்கு ஷீக் குழு பதினொரு முறை முன்மொழியப்பட்டுப் பதினொரு முறையும் தேறவில்லை. 2017-இல் இசைச் சிறப்புக்கான விருது ராட்ஜர்ஸ் ஒருவருக்கு மட்டும் தரப்பட்டது. குழு வாயிலுக்கு வெளியே நிற்கையில் தான் மட்டும் அழைக்கப்பட்டதை எண்ணி அவர் மகிழ்ச்சியோடு குழப்பமும் அடைந்தார். 2018-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் 'லெ ஃப்ரீக்' பாட்டைச் சேர்த்தது. காவலாளியை ஏசப் பிறந்த பாட்டு அது.

புடோகான் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 1999-இல் வெளிவந்தது. அதன்பின் ராட்ஜர்ஸ் ஷீக் என்னும் பெயரிலேயே நாடு நாடாகச் சென்று வாசித்தார். நிகழ்ச்சியின் கடைசியில் 'குட் டைம்ஸ்' வரும். பார்த்திருந்தோர் சிலர் மேடைக்கு ஏறி ஆடுவர். பாஸ் வரியை ஜெர்ரி பார்ன்ஸ் என்பவர் வாசிப்பார். முதல் மூன்று சுரமும், அதன்பின் அந்த இடைவெளியும், எட்வர்ட்ஸ் வைத்த இடத்திலேயே இருக்கும்.